ஏலத்தோட்டத்துக்கு மஹிந்திரா தார் டீசல் ஜீப்: 2017 சிஆர்டிஇ-யா, 2021 பிஎஸ்6-ஆ? பத்து வருஷம் எது தாங்கும்?

போடி ஏலம்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு போடியில், ஏலத்தோட்டம் போடிமெட்டு தாண்டி. வாரத்தில் நாலு நாள் மேலே போய் வரணும். மெட்டு ஏறி முடிச்சதும் தார் ரோடு நல்லாத்தான் இருக்கு. கடைசி அஞ்சு கிலோமீட்டர் மட்டும் ஜீப் பாதை. மழைக்காலத்தில் ஃபோர் லோ (நாலு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியர்) போடாமல் ஏறாது, நடுவில் ஒரு ஓடையும் இருக்கு. ஏத்துறது உர மூட்டை ஆறு, கூட ரெண்டு மூணு ஆள்.

ரெண்டு வண்டி பேச்சில் இருக்கு. ஒண்ணு 2017 தார் சிஆர்டிஇ (பழைய காமன் ரெயில் டீசல் இன்ஜின்), 92,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், அதுவும் தோட்டத்து வண்டி. இன்னொண்ணு 2021 தார் 2.2 டீசல், பிஎஸ்6 (புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு வந்த வண்டி), மேனுவல், 48,000 கிலோமீட்டர், டவுன் வண்டி. வாங்கினால் பத்து வருஷம் விற்கிற எண்ணம் இல்லை. எது தாங்கும்? முதலில் எது போகும்? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? விவரமாகச் சொன்னால் நல்லது.

நாசில் டெஸ்டர்:

சார், முதலில் ஒரு கணக்கு. தோட்டத்து வண்டியை ஓடோமீட்டரை வைத்து எடை போடக்கூடாது. சமவெளியில் ஓடும் வண்டி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால், 10,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் 250 மணி நேரம் ஓடியிருக்கும். மலையேற்றமும் ஜீப் பாதையுமாகச் சராசரி 12-தான் வருகிறது என்றால், அதே 250 மணி நேரம் 3,000 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். ஆயிலுக்குத் தெரிவது மணி நேரம்தான். ஆகவே 92,000 என்று காட்டும் அந்த 2017 வண்டிக்கு ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினார்கள் என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. "கம்பெனி சொன்ன கணக்குப்படி" என்று பதில் வந்தால் அது தோட்டத்துக்குப் போதாது. நீங்கள் வாங்கிய பிறகு 4,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஆயிலோடு ஃபில்டரும் சேர்த்து.

2017 சிஆர்டிஇ பற்றி. 2.5 லிட்டர், 105 குதிரைத்திறன், 247 என்எம். பாஷ் காமன் ரெயில், அதாவது நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல். டிபிஎஃப் (புகைக் கரி வடிகட்டி) கிடையாது. இன்ஜின் அடிப்படையில் முரட்டு ஆள். அதைக் கெடுப்பது டீசலில் கலந்த தண்ணீரும், காற்று ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் தூசியும்தான். பார்க்கப் போகும்போது இப்படிப் பாருங்கள்.

காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போதே போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் ஹோஸில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்த இன்ஜின், குளோ பிளக் (இன்ஜினை முன்சூடாக்கும் பிளக்) விளக்கு அணைந்ததும் இரண்டு மூன்று வினாடிக்குள் பிடிக்க வேண்டும். இழுத்து இழுத்துப் பிடித்தால் குளோ பிளக், பேட்டரி, இன்ஜெக்டர் (டீசலைத் தெளிக்கும் குழல்) மூன்றையும் சந்தேகிக்கலாம். குளிரில் நன்றாகப் பிடித்து, சூட்டில் பிடிக்க அடம் பிடித்தால் பெரும்பாலும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் (தெளிக்காமல் திரும்பிப் போகும் டீசல்) அதிகம். காமன் ரெயிலில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அழுத்தம் சுமார் 200 பார் வந்தால்தான் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) டீசல் தெளிக்கவே விடும். தேய்ந்த இன்ஜெக்டர் அதைத் திரும்பி டேங்குக்கு விட்டுவிடும்.

இதற்குச் சோதனை எளிது. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவான நாலு பாட்டிலில் விட்டு, ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். நாலும் ஏறக்குறைய சமமாக நிறைய வேண்டும். ஒன்று மட்டும் மற்றதைப் போல இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். மாற்றும்போது கீழே வரும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதை மறுபடி போட்டால் புகை கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி கட்டி, அடுத்த முறை கழற்றவே முடியாது. புது இன்ஜெக்டரின் மேல் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் பதிய வேண்டும். இதைச் செய்யாத பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள்.

இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து துவாரத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், அல்லது நீலப் புகை விட்டு விட்டு வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, அந்த வண்டி வேண்டாம். ஏற்றத்தில் கறுப்புப் புகையும் விசில் சத்தமும் சேர்ந்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும். ஹோஸ் மடிப்புகளில் விரலை ஓட்டிப் பாருங்கள், கிழிந்த இடத்தில் ஆயில் ஈரம் இருக்கும்.

அடுத்து முன் ஹப், அதாவது முன் சக்கரத்தை டிரைவ் ஷாஃப்டோடு சேர்க்கும் பூட்டு. இந்த வண்டியில் அதை வேக்குவம் (ஹோஸ் வழியாக வரும் காற்று உறிஞ்சல்) தான் பூட்டுகிறது. ஹோஸ் வெடித்தாலோ ஹப் சீலுக்குள் சேறு போனாலோ லீவரைப் போட்டாலும் முன் சக்கரம் இழுக்காது. பலருக்கு இது சேற்றில் மாட்டிய பிறகுதான் தெரியும். முன்பே கண்டுபிடிக்க வழி: சமதளத்தில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரத்துக்கும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். டூ ஹையில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) கையால் சுற்றினால் சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும், உள்ளே வரும் டிரைவ் ஷாஃப்ட் நிற்க வேண்டும். பிறகு ஒருவர் உள்ளே உட்கார்ந்து, கியர் நியூட்ரலில் இன்ஜினை ஐடிலில் விட்டு, லீவரை ஃபோர் ஹைக்கு (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) தள்ளட்டும். இப்போது சக்கரம் கால் சுற்றுக்குள் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் சுற்றினால் டிரைவ் ஷாஃப்டைப் பாருங்கள். ஷாஃப்ட் நிற்கிறது, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால் இந்தப் பக்க ஹப் போச்சு. ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் எதிர்ப்பக்க ஹப் போச்சு. வேக்குவத்தோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்கள் கையால் பூட்டும் ஹப்பாக மாற்றிக்கொள்கிறார்கள். இறங்கிப் பூட்ட வேண்டும் என்ற ஒரு தொல்லைதான். கசிய அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பாதைக்கு அதையே சொல்வேன்.

2015-க்குப் பிந்தைய வண்டி என்பதால் பின் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் (ஆக்ஸில் நடுவே உள்ள கியர் பெட்டி) மெக்கானிக்கல் லாக்கர் இருக்கும். ஒரு சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கியதும் அது இரண்டு பின் சக்கரத்தையும் தானாகச் சேர்த்துப் பூட்டும், டக்கென்று ஒரு அடி கேட்கும். அது பழுது இல்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டே பூட்ட விட்டால் அந்த அடி ஆக்ஸில் ஷாஃப்டில் விழும். சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதே பூட்டவிட வேண்டும்.

லோ கியர்:

மேலே சொன்னவர் பழைய வண்டியை நன்றாக அலசிவிட்டார். நான் 2021-ஐப் பற்றிச் சொல்கிறேன்.

130 குதிரைத்திறன் எம்ஹாக் இன்ஜின், ஆறு கியர், பின்பக்கம் காயில் ஸ்பிரிங். ஓட்ட, உட்கார, பிரேக் பிடிக்க எல்லாவற்றிலும் பழைய வண்டியைவிட ஒரு தலைமுறை முன்னால் இருக்கிறது. பத்து வருஷக் கணக்கில் இதன் பலவீனம் ஒன்றே ஒன்று: டிபிஎஃப். சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. நிறைந்ததும் கூடுதல் டீசலைத் தெளித்து, 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். இந்த எரிப்பு முடிய நிற்காமல் பதினைந்து இருபது நிமிட ஓட்டம் வேண்டும். டவுனில் காய்கறி வாங்கப் போய் வந்த வண்டியில் எரிப்பு பாதியில் பாதியில் நின்றிருக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். எனவே நீங்கள் பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக் (ஆயில் அளவுக் கம்பி). ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருந்தால், விரலில் தொட்டால் தண்ணியாக டீசல் வாசனை அடித்தால், "நிறைய ஊற்றிவிட்டார்கள்" என்று சொல்லும் விளக்கத்தை ஏற்காதீர்கள். ஸ்கேனர் உள்ள ஆளைக் கூட்டிப்போய் டிபிஎஃப் கரி அளவு, கடைசி எரிப்பு எப்போது முடிந்தது, எத்தனை பாதியில் நின்றது என்று எடுத்துப் பாருங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு இது ஒத்து வருமா? ஏறும்போது நன்றாகவே ஒத்து வரும். சுமையோடு மூன்றாம் கியரில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறினால் புகைப்பாதை நன்றாகச் சூடாகும். இறங்கும்போதுதான் சிக்கல். டீசலே தெளிக்காமல் இன்ஜின் பிரேக்கில் வருவதால் எல்லாம் குளிர்ந்துவிடும், நடந்துகொண்டிருந்த எரிப்பு அறுந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் போடியிலிருந்து 15 கிலோமீட்டரில் உள்ள தேனியைத் தாண்டி, பெரியகுளம் வரை 60 வேகத்தில் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள், போதும். ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி, ஃபேன் ஓடி, அடியில் சூட்டு வாசனை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அப்போது சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். முக்கியமாக, அந்த நேரத்தில் காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. கோடையில் தோட்டத்தில் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

ஆயில், டிபிஎஃப் உள்ள டீசலுக்கென்றே வரும் சாம்பல் குறைந்த ரகம்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும். லாரிக்கு வாங்கிய டின் மிச்சம் இருக்கிறது என்று இதில் ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளைப் பாதியாக்கும் வேலை.

இன்னொன்று. 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரான டீசல் தார்களில் 1,577 வண்டிகளைக் கேம்ஷாஃப்ட் சோதனைக்காகக் கம்பெனி திரும்ப அழைத்தது. 2021 ரிஜிஸ்ட்ரேஷன் வண்டி 2020 கடைசியில் தயாரானதாக இருக்க வாய்ப்பு உண்டு. சேசிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

என் கருத்து: 2021-ஐ எடுங்கள். வாரத்தில் நாலு நாள் மலையேறும் வண்டிக்கு நல்ல பிரேக்கும் ஏர்பேக்கும் இன்ஜின் எளிமையைவிட முக்கியம்.

போடி ஏலம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஹப் சோதனை எனக்குப் புதுசு, அப்படியே செஞ்சு பாக்குறேன். ஓடை விஷயம் யாரும் சொல்லலையே. ஜூன், ஜூலையில் முழங்கால் அளவு தண்ணி ஓடும். அடியில் கறுப்பு கோட்டிங் அடிச்சிட்டா துரு பிடிக்காதுன்னு சொல்றாங்க, அடிக்கலாமா? டயரைப் பெருசாக்கி, வண்டியை ரெண்டு இஞ்ச் தூக்கினா நல்லதா?

சேறு சகதி:

தம்பி, ஓடைதான் உங்க வண்டியோட ஆயுசை முடிவு பண்ணும். இன்ஜின் இல்லை.

முழங்கால் தண்ணி ரெண்டு வண்டிக்குமே பெரிய விஷயமில்லை. புதுசுக்குக் கம்பெனியே 650 மில்லிமீட்டர் வரைக்கும்னு சொல்லுது. கவனிக்க வேண்டியது டிஃபரன்ஷியல் ஹவுசிங். மலையேறி வந்ததும் ஹவுசிங் கொதிச்சுக்கிட்டு இருக்கும். அதை அப்படியே பச்சைத்தண்ணியில் இறக்கினா உள்ளே இருக்கிற காத்து சுருங்கும். மேலே இருக்கிற மூச்சுக்குழாய் சேத்தில் அடைஞ்சிருந்தா, ஆக்ஸில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். அதனால் ஓடைக்கு முன்னாடி பத்து நிமிஷம் நிறுத்துங்க. மூச்சுக்குழாயில் ஹோஸ் மாட்டி, முன்னாடி இருக்கிறதை ஏர் ஃபில்டர் உயரத்துக்கும், பின்னாடி இருக்கிறதை டீசல் ஊத்துற வாய் உயரத்துக்கும் கொண்டுபோய்க் கட்டுங்க. இதுக்கு ஆகிற செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். காப்பாத்துறது ஹவுசிங்குக்குள் இருக்கிற கிரவுன் பினியன் கியரை.

மழைக்காலத்தில் பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா, வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு, ஹவுசிங்கோட கீழ் நட்டைக் கொஞ்சமா தளர்த்தி ஒரு கரண்டி வடிச்சுப் பாருங்க. முதலில் தண்ணி சொட்டினாலோ, ஆயில் பால் காபி நிறத்தில் வந்தாலோ முழுசா மாத்தணும். தள்ளிப்போடக் கூடாது. பேரிங்கில் துரு புள்ளி விழுந்துட்டா ஊளைச் சத்தம் வரும், அப்புறம் நிக்காது. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 ரகக் கியர் ஆயில் ஊத்துங்க. அதையே கியர்பாக்ஸிலும் ஊத்தச் சொன்னா, கையேட்டைப் பார்க்காமல் ஒத்துக்காதீங்க. பித்தளை சிங்க்ரோ ரிங்கை ஜிஎல்-5-இல் இருக்கிற கந்தகச் சேர்க்கை அரிக்கும். டிஃபரன்ஷியலில் ஆயில் ஊத்துற நட்டு வாய் வரைக்கும் நிரம்பி வழிய ஆரம்பிச்சா அளவு சரி.

தண்ணிக்குள்ள கிளட்சை மிதிக்காதீங்க, பிளேட்டுக்கு நடுவில் சகதி போயிடும். ஃபோர் லோ, முதல் அல்லது ரெண்டாம் கியர், நிறுத்தாமல் ஒரே சீரா. ஒருவேளை நடுவில் நின்னு, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணி போயிருந்தா மறுபடி ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்து, குளோ பிளக்கைக் கழட்டி, தண்ணியை வெளியேத்திட்டுத்தான் மத்தது.

கறுப்பு கோட்டிங்: புது வண்டிக்குச் சரி. அந்த 2017-க்கு அடிக்காதீங்க. துரு மேலே ரப்பர் கோட்டிங் அடிச்சா ஈரம் உள்ளே மாட்டிக்கும், வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே தின்னுக்கிட்டே போகும். ஏற்கெனவே கோட்டிங் அடிச்ச பழைய வண்டியை அதனாலேயே சந்தேகமா பாக்கணும். சின்ன சுத்தியலோடு அடியில் படுத்து, சேசிஸை முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டுங்க. நல்ல இரும்பு டங்குன்னு பேசும். தப்புன்னு மழுங்கினா அங்கே தகடு மெலிஞ்சிருக்கு. முக்கியமா பின் பட்டை ஸ்பிரிங் மாட்டுற இடம், பாடி உட்கார்ற ரப்பர் கட்டை, டிரைவர் காலடித் தகடு. சேசிஸ் பெட்டியில் தண்ணி வடிய ஓட்டை விட்டிருப்பாங்க. எல்லாம் சேத்தில் அடைஞ்சிருக்கும். கம்பியை விட்டுக் குத்தி, தோட்டத்து ஹோஸைப் பெட்டிக்குள்ளே விட்டுத் தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அடிங்க. காஞ்ச பிறகு உள்ளே மெழுகு ஸ்பிரே. இதை வருஷம் ஒருக்கா, மழை முடிஞ்சதும்.

உர மூட்டை ஏத்துறீங்கன்னு சொன்னதால் இது கட்டாயம்: யூரியா, பொட்டாஷ் சிந்தினா ஈரக்காத்தை இழுத்து வெச்சுக்கிட்டு தரையை அரிச்சிடும். பின் தரையில் தார்ப்பாயை ஓரம் மடிச்சு விரிச்சு அதுமேல ஏத்துங்க. அன்னைக்கே கழுவுங்க. பார்க்கப் போற 2017-இலும் பின்பக்க மேட்டை உரிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, டிஇஎஃப் (புகையைச் சுத்தம் பண்ற யூரியாத் தண்ணி) ஊத்துற வண்டி பின்னாடி எப்போ வாங்கினாலும், மூட்டை யூரியாவைக் கரைச்சு ஊத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. டிஇஎஃப் 32.5 சதவீதம் சுத்த யூரியா. நம்ம மூட்டையில் வர்றது வேப்பெண்ணெய் பூசினது. அது புகைப்பாதையில் இருக்கிற கேட்டலிஸ்டை மொத்தமா கெடுத்திடும்.

டயரும் லிஃப்டும்: 2017-க்குக் கம்பெனி அளவு 235/70 ஆர்16. அதே அளவில் நல்ல ஏடி டயர் (ரோடு, மண் பாதை ரெண்டுக்கும் ஆனது) போட்டா உங்க பாதைக்குப் போதும். வண்டியைத் தூக்கினா முன் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி பூட் கிழியும், உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே போய் மண் வந்து உக்காரும். பெரிய டயர் போட்டா கிளட்சும் வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும். அந்தக் காசைப் புரப்பெல்லர் ஜாயின்டுக்குக் கிரீஸ் அடிக்கிறதுக்கும் பிரேக் ஆயிலுக்கும் செலவு பண்ணுங்க. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கட்டாயம். ஈரம் ஏறின ஆயில் மெட்டு இறங்கும்போது கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

ஃபோர் ஹை, ஃபோர் லோ ரெண்டையும் தார் ரோட்டில் போடாதீங்க. இந்த ரெண்டு வண்டியிலும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்னாடியும் பின்னாடியும் வேற வேற வேகத்தில் சுத்தணும், சுத்த முடியாமல் முறுக்கேறி டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரத்துக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி) செயின் நீளும்.

லோ கியர் தம்பி சொன்ன பிரேக், ஏர்பேக் நியாயம் எனக்கும் சரின்னுதான் படுது. ஆனாலும் தட்டிப் பார்த்து சேசிஸ் சுத்தமா இருந்தா நான் 2017-ஐத்தான் சொல்வேன். மேலே தோட்டத்தில் நின்னுபோனா பக்கத்துப் பட்டறை ஆளே கையால் சரிபண்ணக்கூடிய வண்டி அது. சேசிஸில் ஒரு இடம் மழுங்கினாலும் 2021.

ஆர்சி புத்தகம்:

பேப்பர் பக்கம் சுருக்கமாக. டெல்லி சுற்றுவட்டாரத்து 10 வருட டீசல் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி 15 வருடம். பிறகு எஃப்சி காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம், பசுமை வரியும் வரும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. ஆக 2017 வண்டிக்கு 2032-இல் இந்த வேலை வரும். நீங்கள் சொல்லும் பத்து வருஷத்துக்குள்ளேயே.

தோட்டம் கேரளப் பக்கம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். வண்டி 12 மாதத்துக்கு மேல் தொடர்ந்து அங்கேயே இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வாரம் நாலு நாள் போய் இரவு போடிக்குத் திரும்பினால் பிரச்சினை இல்லை, டோல், பெட்ரோல் பங்க் ரசீதுகளை எடுத்து வையுங்கள். லிஃப்ட், பெரிய டயர் போன்ற மாற்றங்கள் எஃப்சியிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் இடிக்கும்.

போடி ஏலம்:

அருமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு மணிக்கே 2017-ஐப் பாக்கப் போறேன், சுத்தியலும் பாட்டிலும் எடுத்துக்கிட்டு. எது வாங்கினாலும் வண்டியிலேயே என்னென்ன வெச்சிருக்கணும்?

நாசில் டெஸ்டர்:

டீசல் ஃபில்டர் ஒன்று, ஃபேன் பெல்ட் ஒன்று, இன்டர்கூலர் ஹோஸ் கிளிப் நாலு, கலந்து வைத்த கூலன்ட் இரண்டு லிட்டர், வேக்குவம் ஹோஸ் ஒரு மீட்டர், 20 ஆம்பியர் ஃபியூஸ் சில. கூலன்ட் இல்லை என்று ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஏறிவிட்டால், கீழே வந்ததும் அதை முழுதாக வடித்துவிட்டு 50-க்கு 50 புதிதாக ஊற்றுங்கள்.

டீசல் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். வாரம் ஒரு முறை கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு, டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து தண்ணீர் வந்தால் டீசல் போடும் பங்கை மாற்றுங்கள். திருகைக் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை போய்விடும்.